கீழ்க்கம்பிக்கு எந்தக் கம்ப்ரெஸ்ஸர்?

சித்திரை பிறந்து வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நெருங்கினால் தேனி வட்டாரத்து லைட் மியூசிக் குழுக்களுக்குக் கச்சேரிக் காலம். அந்த மேடைகளில் இளையராஜா பாட்டு இல்லாமல் இரவு முடியாது. அவர் பிறந்த பண்ணைப்புரம் இந்த மாவட்டத்து ஊர். ராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை; பாடகரின் குரலுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். ஒரு சுரம் அமுங்கி அடுத்தது வெடித்தால் அந்த மெட்டு அறுந்துவிடும்.

ஒலி மிஞ்சும்போது அடக்கி, தேயும்போது தூக்கிவிடும் கருவி கம்ப்ரெஸ்ஸர் பெடல். நான்கு கம்பி பேஸுக்கும் ஆறு கம்பி கிட்டாருக்கும் சந்தையில் பெடல்கள் நிறைய உண்டு. ஐந்து, ஆறு கம்பி பேஸும் ஏழு, எட்டுக் கம்பி கிட்டாரும் வாசிப்பவர்கள்தான் தாங்களே ஒன்றைச் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். செய்யலாம். ஆனால் ஐசியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

கிட்டாரின் மேல் ‘இ’ கம்பி நொடிக்கு சுமார் 330 முறை அதிர்கிறது. ஓர் அலைக்கு 3 மில்லி நொடி. ஐந்து கம்பி பேஸின் கீழ் ‘பி’ 31 முறைதான் அதிர்கிறது. ஓர் அலை முடிய 32 மில்லி நொடி ஆகிறது. கம்ப்ரெஸ்ஸர் தன் பிடியைத் தளர்த்த எடுத்துக்கொள்ளும் ரிலீஸ் நேரம் 50 மில்லி நொடி என்று வையுங்கள். மேல் கம்பியில் அதற்குள் பதினாறு அலைகள் கடந்துவிடும். கீழ் ‘பி’யிலோ ஓர் அலை முடிவதற்குள்ளேயே ஒலியளவு ஏறி இறங்கும், அலையின் வடிவமே கோணலாகும், காதுக்கு அது உறுமலாகக் கேட்கும். கீழ்க்கம்பிக்கு 200 மில்லி நொடிக்குக் குறையாத ரிலீஸ் வேண்டும். பிடிக்கத் தொடங்கும் அட்டாக் நேரத்தையும் 20, 30 மில்லி நொடி அளவில் வைத்தால்தான் விரல் சுண்டும் அந்த முதல் ‘டும்’ உயிரோடு வெளியே வரும்.

இனிச் சுற்றுகள். 1970களின் எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் வழிவந்தது, ஓடிஏ என்ற பெருக்கி ஐசியை வைத்த வகை. அதன் இதயமான சிஏ3080 ஐசியின் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிறது. இப்போது செய்பவர்கள் எல்எம்13700 போடுகிறார்கள். சாதாரண கிட்டாரில் சுரத்தை நீட்டி இழுக்க இதைப்போல் இனிமையானது வேறில்லை. ஆனால் சில மில்லி வோல்ட்டுக்கு மேல் உள்ளே விட்டால் இது திணறும். சுரம் தேயத் தேய ஒலியை ஏற்றும்போது ‘உஸ்’ என்ற இரைச்சலையும் சேர்த்தே ஏற்றும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸுக்கு இது முதல் தேர்வு அல்ல.

டேன் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆரஞ்சு ஸ்குவீசர், ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டரை வைத்த வகை. பாகங்கள் குறைவு, செய்வது எளிது. பலமான சிக்னலுக்கு இதுவும் பிசிறும். ஒரே எண்ணுள்ள இரண்டு ஜேஃபெட்டுகூட ஒன்றுபோல் நடக்காது. கீழ்க்கம்பிக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் விசிஏ வகைதான் துல்லியத்தில் முதலிடம். தாட் 4301 என்ற ஒரே ஐசிக்குள் ஒலியை அளக்கும் பகுதியும் அடக்கும் பகுதியும் இருக்கின்றன. எந்த மட்டத்தில் பிடிப்பது, எவ்வளவு அடக்குவது, எப்போது விடுவது எல்லாவற்றையும் தனித்தனிக் குமிழால் சொல்லலாம். கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் வாசிப்பவருக்கு இதுவே சரி. ஆனால் பாகத்தின் விலை அதிகம். ஒற்றை 9 வோல்ட் போதாமல் கூட்டல், கழித்தல் என இரட்டை மின்சாரம் கேட்கும். முதன்முதலாகச் சால்டரிங் அயர்ன் பிடிப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

மிஞ்சியிருப்பது ஆப்டிகல் வகை. ஸ்டுடியோக்களில் பெயர்பெற்ற எல்ஏ-2ஏ கருவியின் தத்துவம் இது. ஒலி ஏறினால் எல்இடி எரியும், எதிரே இருக்கும் எல்டிஆர் என்ற ஒளியுணரியின் மின்தடை குறையும், ஒலி அடங்கும். வெளிச்சம் போன பிறகு எல்டிஆர் தன் பழைய நிலைக்கு மெதுவாகத்தான் திரும்பும். வேறு வேலைகளில் குறையாகத் தெரியும் இந்த மந்தம்தான் இங்கே வரம். கீழ் ‘பி’யின் ஒவ்வோர் அலைக்கும் பதறாமல், சுரம் முழுவதையும் ஒரே பிடியில் வைத்திருக்கும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் வாங்கும் அதே எல்டிஆர் போதும். ஐந்தாறு வாங்கி மீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கையால் மூடினால் ஒரு மெகா ஓமைத் தாண்ட வேண்டும். எல்இடி வெளிச்சத்தில் சில கிலோ ஓமுக்கு இறங்க வேண்டும். தேர்ந்ததை எல்இடிக்கு முகத்தோடு முகம் வைத்து, கறுப்பு ஸ்லீவில் நுழைத்துச் சூடு காட்டினால் இறுகிக்கொள்ளும். இரு முனையையும் நன்றாக அடைத்துவிட்டு, மேலே டார்ச் அடித்துப் பார்க்கவும். மீட்டர் முள் அசைந்தால் வெளிச்சம் கசிகிறது என்று பொருள். மேடை விளக்கிலும் அது கசியும்.

எந்த வகையானாலும் கண்டன்சர் மதிப்பில் கவனம் வேண்டும். 100 கிலோ ஓமுக்கு முன் 0.01 மைக்ரோ ஃபாரட் போட்டால் 159 ஹெர்ட்ஸிலிருந்தே கீழ் ஒலி தேயத் தொடங்கும், 0.1 போட்டால் அந்த எல்லை 16க்கு இறங்கும். அடக்காத ஒலியையும் கலந்துகொள்ள ஒரு பிளெண்ட் குமிழ் கட்டாயம் வையுங்கள். இரண்டு ஒலியும் ஒரே திசையில் சேர்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று தலைகீழாக வந்தால் கலக்கும் இடத்தில் அடி ஒலி காணாமல் போகும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை கூட்டல். பெடல் உலகில் நடு முனை கழித்தல். உள்ளே ஒரு 1என்4007 டயோடு இருந்தால் மாற்றிச் செருகினாலும் ஐசி பிழைக்கும்.

பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. 2023 ஜூனிலிருந்து சென்ட்ரலில் ஏறினால் தேனி வழியாகப் போடி வரை ரயிலும் உண்டு.

ஆகவே, ஸ்லாப்காரர் விசிஏவுக்குப் போகட்டும்; ஆறு கம்பி கிட்டார்காரர் ஓடிஏவில் நிற்கட்டும்; ஐந்து கம்பி பேஸோடு திருவிழா மேடை ஏறுபவர் பிளெண்ட் வைத்த ஆப்டிகலைச் செய்யட்டும். செய்து முடித்ததும் ஐந்தாம் கம்பியை ஒருமுறை சுண்டி, ஒலி முழுக்க அடங்கும்வரை காது கொடுத்துக் கேளுங்கள். நடுவில் உறுமல் வந்தால், எல்இடிக்கு முன்னிருந்து ரிலீஸை நீட்டும் கண்டன்சரை இரண்டு மடங்காக்கி மறுபடியும் கேளுங்கள்.