கண்வில்லை

முழுநிலா நாளில் திருவண்ணாமலையை வலம்வருவோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். இரமணாசிரமத்தைக் கடந்து செல்லும் அவ்வழியில் புழுதியும் கற்பூரப் புகையும் மிகுதி. காண்டாக்ட் லென்ஸ் என்னும் கண்வில்லை அணிந்தோர்க்கு இவை பெருந்தொல்லை. அவ்விரவிற்கு மூக்குக்கண்ணாடியே நன்று. கண் உறுத்தியதும் வில்லையைக் குழாய்நீரில் கழுவத் தோன்றும். அதுவே தீங்காய் முடியும். நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் ஓரணுவுயிர் வில்லையில் ஒட்டிக்கொண்டு கருவிழிப் படலத்தை அரிக்கக்கூடும்; பார்வையே போதலும் உண்டு. அப்படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. விழித்திருக்கும்போது அது பெரும்பாலும் காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பெறுகிறது. வில்லையுடன் உறங்கினாலோ அவ்வாயு குறைந்து, படலம் வீங்கி, கிருமிகள் எளிதிற் பற்றும். ஆதலின் உறங்குமுன் வில்லையைக் கழற்றி, அதற்குரிய கரைசலில் மட்டுமே இடுதல் வேண்டும். சோப்பிட்டுக் கழுவி ஈரம் துடைத்த கைகளாலேயே அதனைத் தொடுதல் வேண்டும். கண் சிவந்து வலித்தால் உடனே வில்லையை நீக்கிக் கண் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். காலந்தாழ்த்தினால் படலத்தில் தழும்பு நிலைத்துவிடக்கூடும்.