யோபுவின் நண்பர்கள் பேசத் தொடங்கியபோது

வேதபகுதி: யோபு 2:11-13, 42:7-10

நோயுற்ற நண்பரைக் காணப் புறப்படும்போது பழம் வாங்கிச் செல்ல நமக்குத் தெரிகிறது. படுக்கையருகே அமர்ந்தபின் என்ன பேசுவது என்பதுதான் தெரிவதில்லை. அந்தத் தடுமாற்றத்தில் முதலில் வாயில் வருவது, பெரும்பாலும் நம்முடைய சங்கடத்தைத் தீர்க்கும் சொல்லாகவே இருக்கும்.

யோபுவின் நண்பர் மூவரையும் நாம் எளிதாகக் குற்றப்படுத்திவிடுகிறோம். எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் தத்தம் ஊரிலிருந்து ஒருமனப்பட்டுப் புறப்பட்டு வந்தவர்கள். உருமாறிப்போன நண்பனைத் தூரத்தில் கண்டு கதறி அழுதவர்கள். ஏழு நாள் அவனோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தவர்கள். நம்மில் எத்தனை பேர் வார்டில் ஏழு நிமிடம் பேசாமல் இருந்திருக்கிறோம்?

பிழை அதன்பின்பே தொடங்கியது. மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அந்தப் புலம்பலைத் தாங்க மாட்டாமல் நண்பர்கள் காரணம் தேடுகிறார்கள். குற்றமற்றவன் அழிந்ததுண்டோ என்று எலிப்பாஸ் மென்மையாகவே ஆரம்பிக்கிறான். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் பாவத்தின் பலனையே அடைந்தார்கள் என்னும் பொருள்படப் பில்தாத் பேசுகிறான். உன் அக்கிரமத்துக்கு இது குறைந்த தண்டனை என்கிறான் சோப்பார். அவர்கள் தேவனைக் குறித்துச் சொன்னவற்றுள் பல, தனியே எடுத்துப் பார்த்தால், மெய்யானவையே. எலிப்பாஸின் கூற்று ஒன்றைப் பவுலும் எடுத்தாளுகிறார் (1 கொரிந்தியர் 3:19). ஆயினும் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவை காயத்தைக் கிளறின.

இந்நூலைப் பலமுறை வாசித்தால் ஒன்று புலப்படும். நண்பர்களின் பேச்சு முழுவதிலும் தேவனை நோக்கிய சொல் ஒன்றுகூட இல்லை. தேவனைத் தேடும்படி யோபுவுக்கு ஆலோசனை கூறுகிறார்களேயன்றி, அவனுக்காக ஒருவரும் விண்ணப்பம் செய்யவில்லை. எவ்வளவு கசப்பாயினும், யோபு ஒருவனே தேவனோடு நேராகப் பேசுகிறான். முடிவில், அந்த நண்பர்களுக்காக வேண்டிக்கொள்பவனும் அவனே.

ஆகையால், மருத்துவமனைக்குப் புறப்படுமுன் நண்பருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவருடைய பயம் இன்னதென்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே ஆண்டவரிடம் ஒத்துக்கொள்ளுங்கள். அப்போது கேட்பதற்காகவே போகிறோம் என்பது நமக்கு விளங்கும். ஏசாயா 50:4 இளைத்தவனைத் தாங்கும் நாவைப் பற்றிக் கூறுகிறது. காலைதோறும் விழிப்பூட்டப்படும் செவியைப் பற்றியும் அதே வசனமே கூறுகிறது.

படுக்கையருகே, “நேற்று இரவு எப்படிக் கழிந்தது, அண்ணா?” என்பது போதும். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, அவர் இசைந்தால், அவருடைய சொற்களையே ஜெபமாக்குங்கள்: “ஆண்டவரே, ஸ்கேன் முடிவு வரும்வரை உறக்கமில்லை என்கிறார் அண்ணன். இன்றிரவு அவரோடு இரும்.” வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். விசுவாசம் இருந்தால் குணமாகும் என்ற சொல்லை மட்டும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். குணமாகாதவர் அதைத் தம்மேல் சுமத்தப்பட்ட குற்றமாகவே கேட்பார். வாசிக்கச் சொன்னால் 23ஆம் சங்கீதம் உண்டு. ஆனால் இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதம் சிலருக்கு இன்னும் நெருக்கமானது.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நண்பர்களின் ஆறுதல் தன்னை வருத்துகிறதென்று யோபு அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னான் (16:2). நீங்களும் சொல்லலாம்: “களைப்பாயிருக்கிறது. பேச வேண்டாம், ஆனால் போய்விடாதீர்கள், சற்று நேரம் இப்படியே உட்கார்ந்திருங்கள்.”