எஞ்சிய கொம்புச்சாப் படலம்: மூன்று தின்பண்டங்களும் தேர்வு முறையும்

இனிப்பிட்ட தேநீரை நுண்ணுயிர்களால் புளிக்க வைத்துப் பெறும் பானமாகிய கொம்புச்சாவை வீட்டில் தொடர்ந்து தயாரிப்போருக்கு, ஒவ்வொரு தயாரிப்பின்போதும் பானத்தின் மேற்பரப்பில் ஒரு புதிய படலம் கிடைக்கிறது. பாக்டீரியங்களும் ஈஸ்ட்டுகளும் கூடி வாழும் இத்தாய்ப்படலம் ஸ்கோபி எனப்படும். ஈஸ்ட்டுகள் சர்க்கரையைச் சிதைத்துச் சாராயமாக்க, அதைப் பாக்டீரியங்கள் அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒருவகைப் பாக்டீரியம் சர்க்கரையிலிருந்து செல்லுலோஸ் இழைகளை நெய்து இப்படலத்தை உருவாக்குகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் தேங்காய் நீரிலிருந்து செய்யப்படும் நாட்டா டி கோகோ என்னும் இனிப்பும் இதே செல்லுலோஸால் ஆனதே என்பதால், இப்படலத்தை உண்பது புதுமையான செயலன்று.

அடுத்த தயாரிப்புக்கு ஒரு படலத்தையும், அது மூழ்குமளவு புளித்த நீரையும் ஒதுக்கிய பின்னரே எஞ்சியவற்றைத் தின்பண்டத்துக்கு எடுக்க வேண்டும். பச்சை, கறுப்பு அல்லது வெண்மை நிறத்தில் பஞ்சுபோன்ற பூசணம் ஒரு புள்ளியளவு தென்பட்டாலும், அப்பகுதியை மட்டும் வெட்டி நீக்குவது போதாது. படலம் முழுவதையும் நீரையும் கொட்டிவிட வேண்டும். நல்ல படலத்தைக் கழுவி, இடையிடையே நீரை மாற்றி ஓரிரவு ஊறவைத்தால் காடிப்புளிப்பு பெரிதும் தணியும்.

முதலாவது முறை சர்க்கரை மிட்டாய். நுங்கைப் போல வழுவழுப்பும் வெண்மையும் உடைய, விரல் தடிமனுள்ள இளம்படலமே இதற்கு ஏற்றது. சிறு சதுரத் துண்டுகளாக நறுக்கி, சம எடைச் சர்க்கரையுடன் இளந்தீயில் காய்ச்சினால், துண்டுகளில் உள்ள நீர் வெளியேற அதன் இடத்தைப் பாகு நிரப்புகிறது. எனவே துண்டுகள் பெரிதும் வற்றிப்போகாமல், பூசணிக்காய் மிட்டாயைப் போலப் பருமனோடு நிற்கின்றன. பாகு கம்பிப்பதம் கண்டதும் இறக்கி உலர்த்த வேண்டும். சுவையில் இதுவே முதன்மையானது எனினும், சர்க்கரையின் அளவும் இதில்தான் மிகுதி.

இரண்டாவது முறை உப்புக்கண்டத்தை ஒத்த கார வற்றல். அகன்று விரிந்த, சற்றே முதிர்ந்து தோல்போல் இறுகிய படலங்களைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் நறுக்கி, சோயா சாறு, பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்து ஊறவைத்து, ஓவனிலோ உலர்த்தும் கருவியிலோ 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்துவர். படலத்தின் பெரும்பகுதி நீரே என்பதால், விரல் தடிமனுள்ள துண்டும் இறுதியில் தாளளவு மெலிந்துவிடும். மெல்லிய படலமாயின் அப்பளம்போல் நொறுங்கும். இறைச்சியின் மெல்லுணர்வை இது ஓரளவு தருமேயன்றி அதன் புரதத்தைத் தராது.

மூன்றாவது முறை பழத்தோல். கிழிந்தவை, ஒழுங்கற்றவை, ஈஸ்ட் படிந்து பழுப்பேறியவை ஆகியவற்றை மாம்பழம் அல்லது கொய்யாக் கூழுடன் மிக்சியில் நன்கு அரைத்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மேற்குறித்த வெப்பநிலையிலேயே உலர்த்த வேண்டும். ஒட்டாமல் உரிந்து வந்தால் பதம் சரி. பழத்தின் இனிப்பே போதுமாதலால் தனிச் சர்க்கரை தேவைப்படாது; படலத்தின் புளிப்பும் இதில் குறையாகாமல் இலந்தை வடையின் சுவையை நினைவூட்டும்.

செல்லுலோஸை மனிதக் குடல் செரிப்பதில்லை. அது நார்ச்சத்தாகவே கழியும் என்பதால் மூன்றையும் சிறிதளவே உண்பது நன்று. கொதித்த பாகில் நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. உலர்த்தலிலும் பெரும்பாலானவை தங்குவதில்லை. ஆகவே உயிருள்ள நுண்ணுயிர்களின் நன்மையைக் கருதி இவற்றைத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் கருவுற்ற பெண்களும் தவிர்ப்பதே தகும்.

ஆகவே தேர்வைச் செய்பவரின் விருப்பத்தைக் காட்டிலும் கையிலுள்ள படலத்தின் தன்மையே முடிவு செய்ய வேண்டும்: பருமனான இளம்படலத்துக்கு மிட்டாய், அகன்ற முதிர்படலத்துக்குக் கார வற்றல், துண்டு துணுக்குகளுக்குப் பழத்தோல். முதன்முறையாக முயல்வோருக்குப் பழத்தோலே சிறந்தது. எவ்வடிவப் படலத்தையும் ஏற்று, குறைந்த சர்க்கரையில் நிறைந்த சுவை தருவது அதுவே.