ஆயில் எஞ்சின் பம்புசெட்டில் தண்ணீர் குறைகிறதா?



நெற்பயிர் சூல் கட்டி நிற்கும் நேரம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியே ஆகவேண்டும். ஆயில் எஞ்சினை ஓட்டுகிறீர்கள். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் குழாயில் விழும் தண்ணீரோ போன பருவத்தில் விழுந்ததில் முக்கால் பங்குதான். "எஞ்சின் பழசாகிவிட்டது, இழுவை இல்லை" என்று முடிவு கட்டி, மெக்கானிக்கை அழைத்து ஹெட்டைக் கழற்றச் சொல்வது பலரது வழக்கம். பிஸ்டன் ரிங், லைனர் என்று பணம் செலவாகிறது. எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தால் தண்ணீர் பழையபடியேதான் விழுகிறது. ஏனெனில், குறை எஞ்சினில் இல்லை. கிணற்றுக்குள் புட்வால்வில் இருந்திருக்கிறது.

மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும், வாய்க்கால் கரைகளிலும் இன்றும் டீசல் எஞ்சின்தான் துணை. பழைய எஞ்சின் என்பதாலேயே அது கெட்ட எஞ்சின் ஆகிவிடாது. குறை எங்கே என்று தெரிந்துகொள்ளும் முன் எஞ்சினைத் திறக்கக்கூடாது. அதைக் கண்டறியும் முறையை இங்கே காண்போம்.

முதலில் அளந்து பாருங்கள்

கண் மதிப்பை நம்ப வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயின் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். 28 விநாடி ஆனால் விநாடிக்கு 7 லிட்டர்தான்.

இதனால் வரும் நட்டம் எவ்வளவு? ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரம் தண்ணீர் நிறுத்த ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் தேவை. விநாடிக்கு 10 லிட்டர் விழுந்தால் ஐந்தரை மணி நேரத்தில் பாய்ந்துவிடும். 7 லிட்டர் விழுந்தால் 8 மணி நேரம் ஓட்டவேண்டும். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் செலவழிக்கும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஏக்கருக்கு 2 லிட்டர் வரை வீணாகலாம் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்று நீர்மட்டம் இறங்கினால் தண்ணீர் குறைவது இயல்பு. ஆகவே, நீர்மட்டம் ஒரே அளவில் இருக்கும்போது எடுத்த அளவுகளையே ஒப்பிடவேண்டும். பம்புசெட் நன்றாக ஓடும்போதே ஒருமுறை அளந்து குறித்து வைத்தால் பின்னால் உதவும்.

குறை எஞ்சினிலா, பம்பிலா?

மையவிலக்குப் பம்பு குறைவாகத் தண்ணீர் இறைக்கும்போது எஞ்சினுக்குப் பாரமும் குறையும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. தண்ணீர் குறைவு, ஆனால் எஞ்சின் வேகம் குறையாமல், புகையின்றி லேசாக ஓடுகிறது. குறை பம்பு, குழாய் அல்லது பெல்ட்டில் உள்ளது. எஞ்சினைத் தொடவேண்டாம்.

2. எஞ்சின் திணறுகிறது, வேகம் தாழ்கிறது, கரும்புகை வருகிறது. எஞ்சினில் குறை இருக்கலாம். அல்லது அதன்மேல் அளவுக்கு மீறிய பாரம் இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, பம்பின் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கிளாண்டு மிகவும் இறுகியிருக்கலாம், அல்லது பேரிங் கெட்டிருக்கலாம்.

3. வேகம் தாழ்கிறது, ஆனால் கரும்புகை இல்லை. எஞ்சினுக்கு டீசல் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம்.

பம்புப் பக்கம் கவனிக்க வேண்டியவை

பெல்ட்: தளர்ந்த பெல்ட் வழுக்கும், பம்பின் வேகம் குறையும். பம்பின் வேகம் 10 சதம் குறைந்தால், அது தண்ணீரைத் தள்ளும் உயரம் 19 சதம் குறைந்துவிடும். எஞ்சினை நிறுத்தியபின் புல்லி அளவுக்கு மீறிச் சுட்டாலும், பெல்ட்டின் அடியில் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தாலும் பெல்ட் வழுக்குகிறது என்று அறியலாம்.

காற்று: விழும் தண்ணீர் பால்போல் வெளுத்துக் குமிழியுடன் வந்தால் உறிஞ்சு குழாய் எங்கோ காற்று வாங்குகிறது. பம்பு ஓடும்போது குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் குழைத்த களிமண்ணை அப்புங்கள். எந்த இணைப்பில் அப்பியதும் தண்ணீர் கூடுகிறதோ அங்கேதான் குறை. கிளாண்டு வழியாகவும் காற்று நுழையும். கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிவதே சரியான நிலை.

புட்வால்வு: பம்பில் தண்ணீர் நிரப்பி, ஓட்டாமல் சிறிது நேரம் விடுங்கள். நீர் இறங்கிவிட்டால் புட்வால்வு அல்லது உறிஞ்சு குழாய் கசிகிறது. வால்வின் சல்லடையில் பாசியும் குப்பையும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புட்வால்வு நீர்மட்டத்துக்குக் கீழே 2 அடியாவது மூழ்கியிருக்கவேண்டும்; தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்கவேண்டும்.

உறிஞ்சு உயரம்: நீர்மட்டத்துக்கும் பம்புக்கும் உள்ள உயரம் 20 அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பம்பையும் இறக்கி வைக்கவேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் தண்ணீர் கூடவில்லை என்றால் பம்பைத் திறந்து, இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா, குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை: பாரம் அதிகம், காற்று போதவில்லை, அல்லது நாஸில் சரியாகத் தெளிக்கவில்லை.

நீலப்புகை: மசகு எண்ணெய் எரிகிறது. ரிங், லைனர் தேய்மானமாக இருக்கலாம். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இப்படி வரும்.

வெண்புகை: டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது டீசலில் தண்ணீர் கலந்துள்ளது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் சிறிது நேரம் வந்து நின்றால் கவலை வேண்டாம்.

எஞ்சினில் பார்க்கும் வரிசை

செலவில்லாததை முதலிலும், செலவு மிக்கதைக் கடைசியிலும் பார்க்கவேண்டும்.

1. ஏர் கிளீனரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புழுதி அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறும்.

2. டேங்க் மூடியில் உள்ள சிறு துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது அடைபட்டால் சிறிது நேரம் ஓடியபின் டீசல் வருவது நின்றுவிடும்.

3. டேங்கின் அடியில் தங்கிய தண்ணீரையும் கசடையும் வெளியேற்றுங்கள். பில்டரை மாற்றியபின் குழாயில் உள்ள காற்றை எடுத்துவிடுங்கள்.

4. சைலன்சரில் கரி அடைத்திருந்தால் தட்டி நீக்குங்கள்.

5. டேப்பட் இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்த நிலையில், கையேட்டில் கண்ட அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

6. நாஸிலைப் பட்டறையில் கொடுத்துச் சோதியுங்கள். தெளிக்கும் நாஸிலின் முன் கையை நீட்டாதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

7. கடைசியாக அழுத்தத்தைப் பாருங்கள். டீசலை நிறுத்திவிட்டு, கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது கைக்கு நன்றாக எதிர்ப்புத் தெரியும். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால்தான் வால்வு, ரிங், லைனர் பற்றி நினைக்கவேண்டும். அப்போது ஹெட்டைக் கழற்றச் சொல்வது நியாயமான செலவே.

செய்யக்கூடாதவை

தண்ணீர் கூடட்டும் என்று எஞ்சினில் பெரிய புல்லி மாட்டாதீர்கள். பம்பின் வேகத்தை 10 சதம் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு அதிக சக்தி தேவைப்படும். எஞ்சின் கரும்புகை கக்கும். டீசல் செலவு ஏறும்.

செலவு குறையும் என்று டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். டீசல் பம்பும் நாஸிலும் டீசலின் வழவழப்பிலேயே தேயாமல் ஓடுகின்றன.

பம்பிலிருந்து குளிர்ந்த நீரை எஞ்சினுக்குள் ஏராளமாகத் திருப்பிவிடாதீர்கள். எஞ்சின் சூடேறாமல் ஓடினால் டீசல் சரியாக எரியாது. லைனரும் விரைவில் தேயும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். பம்பை மட்டும் இறக்குங்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கினால், இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரு போகத்தின் தண்ணீருக்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது.

பழைய எஞ்சினை வைத்திருப்போர் அடுத்த பாய்ச்சலின்போது ஒரு டிரம்மையும் கடிகாரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெக்கானிக் வரும்போது "இழுவை இல்லை" என்று மட்டும் சொல்லாமல், "20 விநாடியில் நிரம்பிய டிரம் இப்போது 28 விநாடி ஆகிறது, எஞ்சின் லேசாக ஓடுகிறது, புகை இல்லை" என்று சொல்லுங்கள். அவர் ஹெட்டை விட்டுவிட்டுப் புட்வால்வைப் பார்ப்பார். உங்கள் பணமும் மிஞ்சும். பயிரும் காலத்தில் தண்ணீர் குடிக்கும்.