எந்தச் செயின் என்று முதலில் கேள்

கோபர்கைரனே

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். எண்களைப் போனில் சொன்னால் பாதி தப்பிவிடும் என்றுதான் எழுதுகிறேன். "பழைய ஸ்கெட்சில் வர்ற செயினை 20 மீட்டர்னு வச்சுக்கலாமா மாமா, ஆபீசில் அப்படித்தான் போடறாங்க" என்று கேட்டாய். வைத்துக்கொள்ளாதே.

குண்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் வகுத்த செயின் 66 அடி, அதில் 100 லிங்க். மீட்டரில் 20.1168. இருபதுக்கு மேலே 12 சென்டிமீட்டர்கூட இல்லை, யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் 80 செயின் சேர்ந்தால் ஒரு மைல். அது 1609.344 மீட்டர், இருபது இருபதாகப் போட்டால் 1600. 1853-ல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் ரயில் 21 மைல் போனது என்பார்கள். அந்தத் தூரத்தை உன் ஆபீஸ் கணக்கில் மாற்றினால் 196 மீட்டர் குறையும். ஒன்பது பெட்டி லோக்கல் வண்டி நிற்கிற இடம் அது.

நீளத்தில் நூற்றுக்கு அரைக்கும் சற்று மேலே போகிற பிழை, பரப்பில் இரட்டிப்பாகும். நிலம் அளக்கிற நம் வேலை பரப்பில்தான் முடிகிறது என்பதால் இதை நினைவில் வை. இன்னொன்றும் இருக்கிறது. மும்பை மாகாணத்தில் நிலம் அளந்த செயின் 66 அடி அல்ல, 33 அடி. பதினாறு அணாவாகப் பிரித்தது. அதன் சதுரம்தான் குண்டா: 1089 சதுர அடி, 40 குண்டா ஓர் ஏக்கர். ஆகவே காகிதத்தில் "செயின்" என்று மட்டும் இருந்தால், அது எந்த ஊர் செயின் என்று கேட்காமல் கால்குலேட்டரைத் தொடாதே. செயின் மாறினால் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு தப்பும்.

இங்கே சாத்-பாரா உதாரா என்கிற நிலப் பதிவு நகலில் பரப்பு ஹெக்டேர், ஆர் என்று வரும். நம் ஊர் பட்டாவில் ஏர் என்கிறார்களே, அதுதான். 100 சதுர மீட்டர். குண்டா 101.17 சதுர மீட்டர். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் ஏஜெண்டுகள் ஒன்றாகவே பேசுவார்கள். ஓர் ஏக்கருக்கு 4047 சதுர மீட்டர் வர வேண்டிய இடத்தில் 4000 என்று எழுதுவார்கள். விட்டுப்போன 47 சதுர மீட்டர் ஊரில் ஒரு சென்டுக்கு மேல்.

இந்தப் பகுதியில் அந்த வித்தியாசத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நவி மும்பைக்காக அரசு நிறுவனமான சிட்கோ நிலம் எடுத்தபோது, நஷ்ட ஈடு போதாது என்று தி.பா. பாட்டீல் தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1984 ஜனவரியில் உரண் பக்கம் துப்பாக்கிச்சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். பிற்பாடு வந்ததுதான் எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை வளர்ச்சியடைந்த மனையாகத் திருப்பித் தரும் திட்டம். பிடித்தங்களை விட்டுவிட்டுப் பார்: ஏக்கருக்கு ஐந்து குண்டா, அதாவது 505.86 சதுர மீட்டர். குண்டாவை ஆர் என்று படித்தால் 500. ஆறு சதுர மீட்டர்தானே என்காதே. 63 சதுர அடி. உங்கள் தாராவித் தெருவில் பத்துக்குப் பத்து அறையில் பாதிக்கும் மேல். நாலு ஏக்கர் கொடுத்த குடும்பத்துக்கு அப்படிப்பட்ட இரண்டரை அறை போய்விடும்.

ஊர்ப்பக்கத்துப் பத்திரம் கைக்கு வந்தால் வேறு பாடு. அங்கே 66 அடிச் செயின்தான், அதனால் சென்டுக்குக் கணக்கு அழகாக வரும்: ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். ஆனால் பழைய அளவில் ஒரு வில்லங்கம் உண்டு. செயினில் பத்து லிங்குக்கு ஒரு பித்தளைத் துண்டு தொங்கும். இரண்டு முனையிலிருந்தும் ஒரே வரிசை: ஒரு பல் பத்து, இரண்டு பல் இருபது என்று போய், நடுவில் வட்டம். நாற்பதாவது லிங்கிலும் அறுபதாவது லிங்கிலும் தொங்குவது ஒரே மாதிரி நாலு பல். 40-ஐ 60 என்று ஒருவர் எழுதிவிட்டால் நாலு மீட்டர் தப்பு, அதை நீ எட்டு தசமத்துக்கு மாற்றினாலும் திருந்தாது. எதிர்ப்பக்கத்துப் புல எண்ணின் ஸ்கெட்சையும் வாங்கி ஒப்பிடு. பத்திரத்தில் "கோட்டை விதைப்பாடு" என்றிருந்தால் அதை மாற்றவே முயலாதே. விதைக்கிற நெல்லை வைத்துச் சொன்ன பரப்பு அது, மண்ணுக்கு மண் வேறு. செக்குபந்தியில் சொன்ன நான்கெல்லையைப் பிடித்துப் போ.

இனிப் பெரிய தூரம். உன் சாஃப்ட்வேரில் "எவரெஸ்ட் 1830" என்று ஒன்றுக்கு மேல் இருப்பதைக் கண்டு குழம்பினாயே, அதன் கதை நம் மெட்ராசில் தொடங்குகிறது. 1802-ல் நில அளவையர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார், 100 அடி எஃகுச் சங்கிலியால். அந்தச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோன பரிசுகளில் ஒன்று, அவர் வேண்டாமென்று விட்டது. நமக்கு வந்து சேர்ந்ததே அதிர்ஷ்டம்! அந்த வேலையைத் தொடர்ந்த எவரெஸ்ட், பூமியின் நடுக்கோட்டு ஆரத்தை 2,09,22,931.80 இந்திய அடி என்று கண்டார். அடியில் அந்த எண் மாறவேயில்லை. ஆனால் இந்திய அடி எத்தனை மீட்டர் என்பதில் ஆளுக்கொரு எண். 0.30479841 என்று பெருக்கினால் 63,77,276.345 மீட்டர். 0.3047995 என்றால் 63,77,299.151. பூமி அப்படியேதான் இருந்தது, ஆரம் மட்டும் கிட்டத்தட்ட 23 மீட்டர் வளர்ந்துவிட்டது. இன்று நாம் பழகுகிற அடி 0.3048. மனைக்கு இந்த ஆறாவது தசமம் ஒன்றும் செய்யாது, விட்டுவிடு. பழைய கோஆர்டினேட்டை ஜிபிஎஸ் எண்ணோடு பொருத்தும்போது மட்டும், எந்த எவரெஸ்ட் என்று கேட்டு எழுதிக்கொள்.

அமெரிக்காவும் இரண்டு அடிகளை வைத்துக்கொண்டு திண்டாடி, 2022 முடிவில்தான் ஒன்றை ஓய்வுக்கு அனுப்பியது. நம்மைக் குறை சொல்ல அவர்களுக்கு வாயில்லை.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். காகிதத்தில் உள்ள எண்ணை உள்ளபடியே முதல் பத்தியில் எழுது. பக்கத்தில் எந்த அளவு, பெருக்கிய எண் என்ன என்று எழுது. மீட்டர் மூன்றாவது பத்தியில். சுருக்குவதைக் கடைசி விடையில் ஒரே ஒரு தடவை செய். பழைய எண்ணை அழித்துவிட்டு மீட்டரை மட்டும் வைத்துப் போகிறவர்களால்தான் கோர்ட்டில் பாதி வழக்கு நிற்கிறது என்பது என் எண்ணம். உன் மேலதிகாரி இருபது போதும் என்றால் சண்டை போடாதே, ஓரத்தில் 20.1168 போட்டு வந்த விடையையும் எழுதி, கையெழுத்துக்கு வை. படித்தவர் என்றால் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது சாத்-பாரா நகலையும் ஊர்ப் பட்டாவையும் காகிதமாகவே எடுத்து வா. வாட்ஸ்அப் படத்தில் தசமப் புள்ளி எனக்குத் தெரிவதில்லை.

அன்புடன்,
மாமா