எட்டப்பன் என்னும் சொல்

ஒருவரை வீரர் என்றோ துரோகி என்றோ நாம் கூறுங்கால் உண்மையில் யாது கூறுகின்றோம்? இவ்வினாவை மாணவ நண்பர்கள்முன் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் மாணவராய் இருந்த காலத்தில் தங்கியிருந்த விடுதியொன்றில், புதிதாய்ச் சேர்ந்த சிறுவர்களிடம் மூத்த மாணவர் சிலர் கைக்காசு பறிப்பது வழக்கமாய் இருந்தது. கோவிற்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் அதனைக் கண்காணிப்பாளரிடம் சென்று கூறிவிட்டான். மறுநாட் காலையில் அவனது அறைக்கதவில் 'எட்டப்பன்' என்று சுண்ணக்கட்டியாற் பெரிதாய் எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டு நகைத்த கூட்டத்தில் நாமும் நின்றோம். அச்சொல்லின் பொருளை அன்று ஆராய்ந்தோமில்லை. காலந்தாழ்த்தியேனும் இன்று ஆராயப் புகுகின்றோம்.

எட்டப்பன் என்பது முதலில் வசைச்சொல் அன்று. தனியொருவர் பெயரும் அன்று. திருநெல்வேலிச் சீமையில் எட்டயபுரத்துப் பாளையக்காரர் வழிவழியாகத் தாங்கிவந்த பட்டப்பெயர் அது. அவ்வாறே கட்டபொம்மன் என்பதும் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரருக்கு உரிய குடிப்பெயரே. இரு குடியினரும் கம்பளத்து நாயக்கர். இரு பாளையங்களும் அண்டை அயல். அண்டை என்றால் எல்லை. எல்லை என்றால் தகராறு. கும்பினியார் இச்சீமையில் அதிகாரம் பெறுமுன்னரே இவ்விரு குடிகளுக்கும் இடையே பகைமை வேரூன்றியிருந்தது. இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1798-ஆம் ஆண்டில் கிஸ்திப் பாக்கியை முன்னிட்டுக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்ம நாயக்கரைத் தம்மை வந்து காணுமாறு கட்டளையிட்டார். ஆயினும் சென்ற இடத்தில் எல்லாம் பார்வை கொடாது, ஊர் ஊராய்த் தம்மைப் பின்தொடரச் செய்து, இறுதியில் செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்திற் பேட்டி அளித்தார். அங்கே எழுந்த கைகலப்பில் கிளார்க் என்னும் சேனை உத்தியோகஸ்தர் உயிரிழந்தார், நாயக்கர் தப்பினார், அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். சென்னை அரசாங்கம் விசாரணை நடத்திற்று. அதன் முடிவில், வியக்கத்தக்கவாறு, குற்றம் நாயக்கர்மேற் சுமத்தப்படவில்லை. ஜாக்சனே பதவி இழந்தார். அவருக்குப்பின் லஷிங்டன் கலெக்டரானார். ஓராண்டு கழியுமுன்னரே அதே அரசாங்கத்தின் ஏடுகளில் அதே நாயக்கர் கலகக்காரர் ஆனார்! இடைப்பட்ட காலத்தில் மனிதர் பெரிதும் மாறிவிடவில்லை. மைசூரில் திப்பு சுல்தான் 1799 மே மாதத்தில் வீழ்ந்தார். கும்பினியின் படைகளுக்கு ஓய்வு கிடைத்தது. கலகக்காரர் என்னும் பெயர், பெயரிடுவோரின் கையிருப்புப் படையையும் பொறுத்ததே போலும்!

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் பெருஞ்சேதத்துடன் முறியடிக்கப்பட்டது. எனினும் கோட்டையை நெடிது காத்தல் அரிதென உணர்ந்த நாயக்கர் இரவில் வெளியேறி வடக்கு நோக்கிச் சென்றார். எட்டயபுரத்துப் படை அவரைத் துரத்திற்று. ஆனால் அவரைப் பிடித்தது எட்டயபுரமன்று. புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் அவர் மறைந்திருந்தபோது, அச்சீமை மன்னராகிய தொண்டைமானின் ஆட்களே அவரைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தனர். பின்னர், 1799 அக்டோபர் 16-ஆம் நாள், கயத்தாற்றில் பாளையக்காரர் பலரையும் வருவித்து, அவர்கள் கண்ணெதிரே விசாரணை நடத்தி, அன்றே அவரைத் தூக்கிலிட்டனர்.

காட்டிக்கொடுத்தவன் என்னும் பொருளில் 'எட்டப்பன்' என்று நாம் வழங்குகின்றோம். ஆனால் பிடித்து ஒப்புவித்த செயல் எட்டப்பருடையதன்று. பின் ஏன் அவர் பெயர் நிலைத்தது? நமக்குத் தோன்றுவது இது. புதுக்கோட்டை தொலைவிலுள்ளது, எட்டயபுரமோ அடுத்த வீடு. தொலைவிலிருப்பவன் செய்த தீங்கைக் காட்டிலும் அடுத்த வீட்டான் செய்த தீங்கு நெஞ்சில் ஆழப் பதிகின்றது. மேலும், வென்றபின் கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சி நிலங்களைப் பங்கிட்டபோது எட்டயபுரத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. பறிபோன நிலத்தில் பக்கத்து ஊரான் ஏர் பூட்டுவதை நாள்தோறும் காண நேர்ந்த மக்களின் நாவில் எந்தப் பெயர் தங்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. சொல்லின் பொருளை இனி நெருங்கிப் பார்ப்போம். பகைவன் வேறு, துரோகி வேறு. துரோகம் நிகழ்வதற்கு முன்னே ஒரு நம்பிக்கை இருந்திருத்தல் வேண்டும். உண்ட உப்போ, கொடுத்த வாக்கோ, அடைந்த புகலோ இருந்திருத்தல் வேண்டும். எட்டப்பர் பாஞ்சாலங்குறிச்சியாருக்கு எந்த வாக்கும் கொடுத்தவர் அல்லர், வெளிப்படையான பகைவர். பகைவனை ஒழிக்க வலியோனைத் துணைக்கொள்ளுதல் அந்நாளைய பாளையக்காரர் பலரும் செய்த செயலே. அது நற்செயல் என்று நாம் கூற வரவில்லை. தேசம் என்னும் எண்ணம் பிற்காலத்தில் நம் உள்ளத்தில் வளர்ந்தபின், அதன் ஒளியில் திரும்பி நோக்கி, 'இவர் நம்மவரை விட்டு அயலாரோடு சேர்ந்தார்' என்று தீர்ப்பளிக்கின்றோம். அவ்வாறு தீர்ப்பளிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அது நாம் அளித்த தீர்ப்பு என்பதையும், அவர் மீறிய சத்தியம் அன்று என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

இனி வீரன் என்னும் சொல். இங்கே நமக்கு ஓர் அரிய சான்று உண்டு. அதனை வழங்கியவர் தூக்கிலிட்டவரே! பானர்மன் கயத்தாற்றினின்றும் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் காணலாம். விசாரணை முழுவதிலும் நாயக்கர் அஞ்சாது செருக்குடன் நின்றார் என்றும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இகழ்ச்சி தோன்ற நோக்கினார் என்றும், தூக்குமரத்துக்கு உறுதியான நடையுடன் சென்றார் என்றும் அவர் எழுதுகின்றார். வாய்பேசாத தம் தம்பி ஒருவரைக் குறித்தே நாயக்கர் கவலை தெரிவித்தாராம். மரத்தடியை அடைந்ததும், கோட்டையைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாமே என்று வருந்தினாராம். தமக்கு எவ்வித நன்மையும் பயவாத இச்செய்தியைப் பானர்மன் ஏன் எழுதினார்? கண்டதை மறைக்க மனம் வரவில்லை போலும்.

இதனால் அவர் செய்தன யாவும் நல்லன என்று ஆகிவிடுமா? அண்டைப் பாளையங்களின் ஊர்களில் புகுந்து கொள்ளையிட்டார் என்பது அவர்மீது சாற்றப்பட்ட குற்றங்களுள் ஒன்று. கும்பினியார் கூற்று என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் விளைவித்த கதிரைப் பறிகொடுத்த எட்டயபுரத்துக் குடியானவன் ஒருவன் இருந்திருப்பின், அவன் முன்னே நின்று நாம் வீரத்தைப் பாட இயலுமா? அவனுக்கும் ஒரு மறுமொழி வேண்டுமன்றோ? நாயக்கர் வீரர் என்பது, பணியாது நின்ற செயலுக்கும் இறந்த விதத்துக்கும் நாம் சூட்டும் பெயர். அவருடைய நாட்குறிப்பு முழுவதற்கும் இட்ட முத்திரை அன்று. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டபடியால்தான், ஒரு சாரார் அவரைத் தெய்வமாக்கவும், மற்றொரு சாரார் கொள்ளைக்காரர் என்று நூலெழுதவும் நேர்ந்தது. இரு சாராருமே ஒரு மனிதருக்கு ஒரே சொல் போதும் என்று எண்ணியவர்கள்.

நம் முன்னோர் இதில் நம்மினும் தெளிந்தவராய்த் தோன்றுகின்றனர். செங்கம் முதலிய இடங்களிற் காணப்படும் பழைய நடுகற்களை நோக்குக. ஆநிரை கவர்ந்து பட்டவனுக்கும் கல் உண்டு. கவரப்பட்ட நிரையை மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் வெளிப்பட்ட மிகப் பழைய கல்லும் ஆகோளைக் குறிப்பதே. ஒரூர் மாட்டைக் கவர்ந்தவனே மற்றோரூர்க் கல்லில் தெய்வம். கல் வெட்டியவர் அதை மறைக்கவில்லை: இன்னார் மகன், இன்ன ஊரான், இன்ன பூசலிற் பட்டான் என்று செயலைக் கூறி நிறுத்தினர். நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ எழுதினாரில்லை.

ஒரே மனிதர் இரு பெயரும் பெறுதலும் உண்டு. கும்பினிக்காகப் பூலித்தேவரை ஒடுக்கிய யூசுப்கான், பின்னர்க் கும்பினியையே எதிர்த்து மதுரையில் 1764-இல் தூக்கிலேறினார். அவரை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை நெற்கட்டான்செவ்வலிலும் மதுரையிலும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

எட்டயபுரத்துக்கு மீள்வோம். 1801-இல், பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிய ஊமைத்துரை இடிந்த கோட்டையைச் சில நாட்களில் மீளக் கட்டினார். மே மாதத்தில் அது வீழ்ந்தபோது நிகழ்ந்ததொன்றை, எதிர்ப்படையில் இருந்த வெல்ஷ் என்பவர் தம் நினைவு நூலில் வியந்து எழுதியுள்ளார். பிணங்களிடையே தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டாள். அவனோ தன்னை விட்டு, அருகிற் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். அவ்வாறே ஊமைத்துரையை ஊருக்குள் எடுத்துச் சென்றனர். எட்டயபுரத்துப் படையினர் தேடி வந்தபோது, பெண்கள் அவரைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தான் என்று ஓலமிட்டனர். வந்தவர் அஞ்சி ஓடினர். ஊமைத்துரை பின்னர்ப் பிடிபட்டு அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாயிற்று. அந்தத் தாயின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கட்டபொம்மன் என்னும் பெயரோ 1959-இல் திரைப்படமாயிற்று. 1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசாங்கம் எழுப்பிய நினைவுக் கோட்டையாயிற்று. எட்டப்பன் என்னும் பெயர் வசையாயிற்று.

அவ்வசை சுமந்த ஊர் எத்தகையது? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரைப் போற்றிய ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் உயிர் நீத்த ஊர். 1904-இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவர உதவிய ஜமீனின் ஊர். 1882-இல் பாரதியார் பிறந்து, இளமையிலேயே 'பாரதி' என்னும் பட்டம் பெற்ற ஊர். இவை 1799-இன் கணக்கைத் தீர்ப்பன அல்ல. பட்டப்பெயர் ஒன்றை வசையாக்கியபோது அதனுள் எத்தனை பேரைச் சேர்த்து அடைத்தோம் என்பதையே இவை காட்டுகின்றன.

அறைக்கதவுக்கு வருவோம். அச்சிறுவன் மீறிய நம்பிக்கை யாருடையது? காசு பறித்தவர்க்கு அவன் எந்த வாக்கும் கொடுத்தானில்லை. பறிகொடுத்த சிறுவரோ அவனோடு ஒரே வரிசையில் உண்டவர். அவர்களை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவையும் அன்றே ஒரு நொடியில் எண்ணியிருக்கலாம். எண்ணாது நகைத்தோம். அவன் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து எழுத்தை ஒவ்வொன்றாய்த் துடைத்தான். நம்முள் ஒருவரும் துணியைக் கைமாற்றிக்கொள்ளவில்லை. துடைத்தபின், 'எங்கள் பாட்டனார் ஊர் எட்டயபுரந்தான்' என்று மட்டும் கூறிவிட்டு வகுப்புக்குச் சென்றான்.