மோட்டார் கொட்டகையில் மின்னணு அட்டைகளை ஈரத்திலிருந்து காப்பது எப்படி?

அந்தக் காலத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் காயிலும் தொடுமுனைகளுமே இருந்தன. சாரல் பட்டாலும் உலர்த்தித் துடைத்துவிட்டு ஓட்டினோம். இன்று அல்லிநகரம் வட்டாரத் தோட்டங்களில் செல்போன் ஸ்டார்ட்டர், பிரிவென்டர், சொட்டுநீர் டைமர் எனப் பல கருவிகள் வந்துவிட்டன. இவை அனைத்திற்கும் உயிர்நாடி, உள்ளே இருக்கும் சிறிய மின்னணு அட்டையே. இதற்கு ஈரம் பெரும் பகை.

பிரிவென்டர் அட்டை பழுதானால், ஒரு பேஸ் போனபின்னும் மோட்டார் நிற்காமல் ஓடிக் காயில் கருகிவிடும். பந்தலில் திராட்சை காய்த்திருக்கும் நேரத்தில் இது நேர்ந்தால் இழப்பு மோட்டாரோடு நிற்பதில்லை.

ஈரம் செய்யும் கேடு

மழை நனைத்தால்தான் கெடும் என்பதில்லை. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கோர்த்துவிடும். மலையைத் தாண்டி வரும் ஆடிச் சாரலிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், மார்கழிப் பனியிலும் இரும்புப் பெட்டியின் உட்புறம் விடியற்காலையில் வியர்ப்பது இதனால்தான்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதில் உப்பும் தூசியும் கரைந்தால் நன்றாகக் கடத்தும். அப்போது அட்டையின் செம்புக் கோடுகளுக்கிடையே மின்கசிவு ஏற்படுகிறது. உலோகம் கரைந்து, வேர் போல வளர்ந்து, இரு கோடுகளை இணைத்துவிடுவதும் உண்டு.

உர மூட்டைக்கு இடம் தராதீர்

அண்மையில் அல்லிநகரத்தில் ஒரு தோட்டத்தைப் பார்வையிட்டேன். ஒரே ஆண்டில் இரண்டு அட்டைகள் பழுதானதாக விவசாயி வருந்தினார். கூரையில் ஒழுக்கு இல்லை. ஆனால் ஸ்டார்ட்டருக்கு அடியில் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளும் கந்தகத்தூளும் அடுக்கப்பட்டிருந்தன. அட்டையில் பச்சை பூத்திருந்தது.

யூரியா சுமார் 73 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றின் நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். உரத்தூசி அட்டையில் படிந்தால், மழையே இல்லாத நாளிலும் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கந்தகம் செம்பையும் வெள்ளித் தொடுமுனைகளையும் கறுக்கச் செய்யும். எனவே உரம், பூச்சிமருந்து, பூஞ்சாணக்கொல்லி ஆகியவற்றை வேறு இடத்தில் வைத்தல் வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பெட்டியைத் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், சாரல் அடிக்காத சுவரில் பொருத்தவும். சுவர் ஈரம் ஏறாதிருக்கப் பின்னால் பலகை வைக்கவும்.

2. வயர்களைப் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைக்கவும். நுழையுமுன் வயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால் வழியும் நீர் உள்ளே போகாது.

3. இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டியின் அடியில் நீர் வடியச் சிறு துளை இருக்கட்டும். எறும்பும் பல்லியும் புகாதபடி வலை ஒட்டவும்.

4. மின்னணுக் கருவியை ரப்பர் விளிம்புடன் இறுக மூடும் தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கவும். ஐ.பி. 65 என்று குறித்த பெட்டி ஏற்றது.

5. அதனுள் சிலிகா ஜெல் பொட்டலம் வைக்கவும். நீல மணிகள் வெளிர்சிவப்பானால் மாற்றவும். துளையுள்ள பெட்டியில் இது பயன்படாது. நீல மணிகளில் கோபால்ட் உப்பு உள்ளதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக்கூடாது.

6. அட்டைக்கு அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் காப்புப் பூச்சு இட்டுத் தருமாறு பழுது பார்ப்பவரைக் கேட்கவும். அட்டையைச் சுத்தம் செய்து, நன்கு உலர்த்திய பின்னரே பூச வேண்டும். இல்லையேல் ஈரமும் உப்பும் உள்ளேயே சிறைப்படும். ரிலே, ஸ்க்ரூ முனைகள், செருகும் முனைகள் மீது பூச்சு படக்கூடாது. தேங்காய் எண்ணெய், கிரீஸ் தடவுவது தவறு, தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

நனைந்துவிட்டால்

உடனே சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுதான் பலர் செய்யும் பிழை. பல நேரங்களில் அட்டை கெடுவது நனைந்ததால் அல்ல, நனைந்த நிலையில் மின்சாரம் பாய்ந்ததால். ஈரக் கையால் பெட்டியைத் தொடாதீர். மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸ் கட்டைகளையும் கழற்றச் செய்யவும். கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், அட்டையைக் கழற்றும் வேலையை மின்பணியாளரிடமே விடவும். அவர் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொண்டு உப்பைத் துடைத்து, நிழலில் காற்றோட்டமாக முழுவதும் உலர்த்திய பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் வரப்பையும் வாய்க்காலையும் சீர்செய்கிறோம். அதே வாரத்தில் மோட்டார் கொட்டகைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.